பெயரை அழித்தால் போதுமா? கடன் தரவை ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

குடும்பங்கள் எதற்காகக் கடன் வாங்குகின்றன, எப்போது தவணை தவறுகிறது, ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்குகிறார்களா? இதையெல்லாம் ஆராய்பவர்கள் கடன் கொடுக்கும் இடங்களின் கணக்கைத்தான் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் பெயரை மட்டும் அழித்துவிட்டுக் கொடுக்கக் கூடாது. எக்செல் ஓரளவு தெரிந்தாலே கீழே உள்ளதைச் செய்துவிடலாம்.

படி 1: முதலில் கேள்வியைக் கேட்டு வாங்குங்கள்

"இருப்பதையெல்லாம் கொடுங்கள்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேள்விக்குத் தேவையான நெடுவரிசைகள் மட்டும் போதும். அதே சமயம், வாராக்கடன்களை வெட்கப்பட்டு நீக்கிவிடாதீர்கள். நன்றாகக் கட்டியவர்களை மட்டும் வைத்துக் குடும்ப நிதியைப் புரிந்துகொள்ள முடியாது.

படி 2: நேரடி அடையாளங்கள்

பெயர், முகவரி, தொலைபேசி, கணக்கு எண், அடையாள அட்டை எண் எல்லாம் போக வேண்டும். பலரும் மறப்பது 'குறிப்பு' நெடுவரிசையை. "கணவர் விபத்தில் இறந்துவிட்டார், தம்பி வந்து பேசினார்" என்று அங்கே யாரோ எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஒரு வரி போதும், ஆளைக் கண்டுபிடிக்க. அதை 'வருமானம் நின்றது' என்பதுபோன்ற வகையாக மாற்றிவிட்டு, மூலக் குறிப்பை நீக்குங்கள்.

படி 3: புதிய எண்

வரிசைகளைக் கலைத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புது எண் கொடுங்கள். கலைக்காமல் கொடுத்தால் பழைய வரிசையே ஆளைக் காட்டிவிடும். ஒரே குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் ஒரே எண் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆய்வாளருக்குப் பயனில்லை.

கணக்கு எண்ணையே ஹாஷ் செய்துவிடலாமே, அதாவது ஒரு கணித முறையால் புரியாத எழுத்துச் சரமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 2014-இல் நியூயார்க் டாக்சிகளின் 17 கோடிக்கும் அதிகமான பயணப் பதிவுகள் வெளியானபோது, வண்டி எண்களை எம்டி5 என்ற ஹாஷ் முறையில்தான் மறைத்திருந்தார்கள். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே சரம்தான் வரும். வண்டி எண்களுக்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் உண்டு என்பதால், சாத்தியமான எல்லா எண்களையும் கணினியில் போட்டுப் பார்த்து சில மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். கணக்கு எண்களுக்கும் அப்படி ஒரு வடிவம் உண்டு.

படி 4: விவரங்களை மங்கலாக்குங்கள்

முன்: பிறந்த தேதி 14-03-1981, பெண், தையல், கடன் 4,87,350, வழங்கிய நாள் 09-06-2021.

பின்: 40–44 வயது, பெண், சுயதொழில், 4.5–5 லட்சம், 2021 இரண்டாம் காலாண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடன் தொகையை மங்கலாக்கிவிட்டு மாதத் தவணையை அப்படியே விட்டால், வட்டி விகிதத்தையும் தவணை எண்ணிக்கையையும் வைத்துப் பழைய தொகையைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அதனால் தவணையையும் சேர்த்து மங்கலாக்குங்கள்.

கட்டிய தேதிகளுக்குப் பதில் '7-ஆம் மாதம் வரவில்லை, 8-ஆம் மாதம் பாதி, 9-ஆம் மாதம் அபராதத்தோடு முழுசும்' என்று கடன் தொடங்கியதிலிருந்து எண்ணிக் கொடுங்கள். ஆய்வாளருக்கு உண்மையில் வேண்டியது இந்த வரிசைதான்.

படி 5: எண்ணிப் பாருங்கள்

அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த தேதி ஆகிய மூன்று மட்டுமே அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று கணினி அறிவியலாளர் லதான்யா சுவீனி கணக்கிட்டார். உங்கள் தரவிலும் அப்படித் தனியாக நிற்பவர்கள் இருப்பார்கள். வயது, பாலினம், தொழில், பகுதி ஆகியவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு சேர்க்கையிலும் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டும் ஒரு பிவட் டேபிள் போடுங்கள். 5 பேருக்குக் குறைவான கூட்டம் வந்தால் வகையை இன்னும் அகலமாக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த வரிசையை எடுத்துவிடுங்கள்.

படி 6: ஒப்பந்தம்

11 லட்சம் பேரின் மூன்று மாதக் கடன் அட்டைச் செலவுகளை ஆராய்ந்து 2015-இல் வந்த ஒரு ஆய்வில், செலவு செய்த இடமும் நாளுமாக நான்கு தகவல்கள் தெரிந்தாலே 90 சதவீதம் பேரை அடையாளம் காண முடிந்தது. தவணை வரலாறும் அப்படி ஒரு கைரேகைதான். அதனால் இதை யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போடாதீர்கள். மறு அடையாளம் காண முயலக் கூடாது, வேறு யாருக்கும் தரக் கூடாது, இந்தத் தேதிக்குள் அழிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். காலியிடம் என்றால் 'தெரியாது'வா, 'பூஜ்யமா' என்று சொல்லும் விளக்கத் தாளையும் சேர்த்து வையுங்கள்.

படி 7: அனுப்பும் முன்

நான் முதல் தடவை தயாரித்த கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது, பழைய எண்ணையும் புது எண்ணையும் இணைத்த பட்டியல் ஒரு மறைத்த ஷீட்டில் இருந்ததைத் தவிர. 'அனுப்பு' பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் சிஎஸ்வியாக (மறைத்த ஷீட்டுக்கு இடமில்லாத வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து, அதை நோட்பேடில் திறந்து ஒரு முறை படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.