‘மிக்ஸ்டு’ ரேட்டிங் வாங்கிய எம்எம்ஓ கேமை இறக்கலாமா? ரிவ்யூக்களைப் பிரித்துப் படிக்கும் முறை

கணினி கேம் விற்கும் தளமான ஸ்டீமில் ஒரு கேமின் பக்கத்தில் ‘மிக்ஸ்டு’ (கலவையான கருத்து) என்று போட்டிருந்தால், ரிவ்யூ எழுதியவர்களில் 40 முதல் 69 சதவீதம் பேர் பரிந்துரைத்திருக்கிறார்கள் என்று பொருள். தனியாக ஆடும் கேமாக இருந்தால் ‘சுமார்’ என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். எம்எம்ஓ, அதாவது ஆயிரக்கணக்கானவர்கள் இணையம் வழியாக ஒரே உலகத்தில் ஆடும் மாயாஜால ஆர்பிஜி-க்கு (ஒரு கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டே ஆடும் கேமுக்கு) அந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே பெயருக்குக் கீழே அங்கே ஐந்தாறு கேம்கள் ஓடிக்கொண்டிருக்கும். கதைக்காக வருபவர், வாரம் மூன்று ராத்திரி ரெய்டு (பெரிய குழுவாகச் சேர்ந்து பெரும் எதிரியை வீழ்த்துவது) அடிப்பவர், பிவிபி (ஆட்டக்காரரோடு ஆட்டக்காரர் மோதுவது) மட்டும் ஆடுபவர், சந்தையில் பொருள் வாங்கி விற்றே பொழுதைக் கழிப்பவர், கேரக்டருக்கு உடை மாட்டிப் படம் எடுப்பவர் என்று ஒவ்வொருவரும் தங்கள் கேமுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். நீங்கள் ஆடப்போகும் கேமுக்கு யார் ஓட்டுப் போட்டிருக்கிறார் என்று தேடிப் பிடிப்பதுதான் வேலை. அரை மணி நேரம் ரிவ்யூ படிக்கவும், அதற்குப் பிறகு சுமார் இருபது மணி நேரம் ஆடிப் பார்க்கவும் ஒதுக்குங்கள்.

முதலில் தேதி

ரிவ்யூ பகுதியில் இருக்கும் வரைபடத்தை விரியுங்கள். எந்த மாதத்தில் சரிவு என்று பார்த்து, அதே மாதத்தின் பேட்ச் (கேமின் புதுப்பிப்பு) குறிப்புகளை கேமின் அதிகாரப்பூர்வத் தளத்தில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சரிவு எப்போதும் ஏதோ ஒரு காரணத்தில் போய் முட்டும்: வெளியான வாரத்தின் லாகின் க்யூ (உள்ளே நுழையக் காத்திருக்கும் வரிசை), காசு பிடுங்கும் முறையில் மாற்றம், பொருளை இரட்டிப்பாக்கும் ஓட்டை, ஒரு கிளாஸின் (வீரர், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகையின்) பலத்தைக் குறைத்தது. க்யூவைப் பற்றிய புலம்பல் மூன்று மாதத்தில் செல்லாக்காசாகிவிடும். காசு பற்றியது பெரும்பாலும் செல்லுபடியாகவே இருக்கும்.

நியூ வேர்ல்டு 2021 செப்டம்பரில் வந்தபோது ஒரே நேரத்தில் ஒன்பது லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். முதல் வார ரிவ்யூக்களில் பல, உள்ளே நுழையவே முடியவில்லை என்ற ரகம். ஒன்றிரண்டு மாதம் கழித்து வந்தவை பொருளை இரட்டிப்பாக்கும் ஓட்டையைப் பற்றியவை. அப்போது வர்த்தகத்தையே தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது. இனிப் புது உள்ளடக்கம் வராது என்று 2025 அக்டோபரில் அறிவித்த பிறகு எழுதப்பட்டவை முற்றிலும் வேறு கவலை. மூன்றையும் கூட்டி வகுத்து வரும் சதவீதத்தால் யாருக்கும் பயனில்லை.

நல்ல ரிவ்யூவும் ஊசிப்போகும். ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் 2010 பதிப்பு தோற்று மூடப்பட்டு, 2013-இல் புதிதாகக் கட்டி வெளியிடப்பட்டது. அதன் முதல் ஐம்பது லெவல் கதை இழுவை என்ற குறை இன்றும் கேட்கிறது. ஆனால் 2020 ஆகஸ்டில் வந்த 5.3 பேட்ச் அந்தக் கதை குவெஸ்ட்களை (கதையை நகர்த்தும் பணிகளை) குறைத்தது, பழைய பகுதிகளில் பறக்கவும் விட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட ‘இழுவை’யை அப்படியே நம்பாதீர்கள். முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். குறைத்த பிறகும் அது மெதுவான தொடக்கம்தான்.

பிறகு மணிக்கணக்கு

ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் பக்கத்தில் எழுதியவர் ஆடிய மணி நேரத்தை ஸ்டீம் காட்டும். அதை வைத்து வடிகட்டவும் முடியும். எழுதும்போது எத்தனை மணி, இன்றுவரை எத்தனை மணி என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். ‘வேண்டவே வேண்டாம்’ என்று 80 மணியில் எழுதியவர் இன்று 1,400 மணியில் இருக்கிறார் என்றால், வாயைவிட அவர் கை உண்மை பேசுகிறது.

இரண்டு மணிக்குக் கீழே இருப்பவருக்குத் தெரிந்தது நிறுவல், க்யூ, கேரக்டர் உருவாக்கம், தொடக்கப் பாடம், அவ்வளவே. உங்கள் கணினியில் ஓடுமா என்பதற்கு மட்டும் அவரைக் கேளுங்கள். 100 முதல் 400 மணிக்காரர்தான் சரியான ஆள். லெவல் ஏறி முடித்திருப்பார், எண்ட்கேம் (உச்ச லெவலுக்குப் பிறகான ஆட்டம்) எப்படி என்று பார்த்திருப்பார், தொடக்கமும் இன்னும் மறந்திருக்காது. ஆயிரத்தைத் தாண்டியவர் எழுதுவது பெரும்பாலும் பிரிவுக் கடிதம். அதில் விவரம் அதிகம், உங்களுக்குத் தேவையானது குறைவு.

மாதிரிக்கு, இந்த ரகத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘1,900 மணி. குப்பை. கடைசி பேட்ச்சில் ஹீலரைக் கொன்றுவிட்டார்கள். வாங்காதீர்கள்.’ இதில் தகவல் இரண்டுதான். ஒன்று, 1,900 மணி நேரம் ஒருவரை இழுத்துவைக்கும் அளவுக்கு உள்ளே சரக்கு இருந்திருக்கிறது. இரண்டு, உச்சக் கடினத்தில் ஹீலர் (குழுவைக் குணப்படுத்துபவர்) ஆடுபவருக்கு இப்போது திருப்தி இல்லை. நீங்கள் கதைக்கு வருகிறீர்கள் என்றால் இந்த எதிர் ஓட்டு உங்களைத் தொடவே இல்லை. மறுபக்கம், ‘6 மணி. உலகமே ஓவியம் மாதிரி!’ என்பவர் பார்த்தது முதல் ஊரை மட்டும். எந்த ஸ்டூடியோவும் அதிகம் மெருகேற்றும் இடம் அதுதான். அந்த அழகு நாற்பதாவது லெவலிலும் தொடர்கிறதா என்று அவருக்கே தெரியாது.

ஒரே அம்சம், இரண்டு ஓட்டு

பாராட்டும் திட்டும் ஒரே அம்சத்தின் மீது விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அது குறையில்லை, ருசி. கில்டு வார்ஸ் 2-இல் 2012 முதல் இன்றுவரை உச்ச லெவல் 80தான். நல்ல கவசத்தை ஒருமுறை சேர்த்துவிட்டால் அது பழசாகாது. ‘ஆறு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து ஆடலாம்’ என்று ஒருவர் பாராட்டுவதும், ‘உச்சம் தொட்ட பிறகு துரத்த ஒன்றுமில்லை’ என்று இன்னொருவர் சலிப்பதும் இதைத்தான். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில் உலகம் முழுக்க லெவலைச் சமப்படுத்தியது. எங்கும் போகலாம், யாரோடும் ஆடலாம் என்பது ஒருவருக்கு விடுதலை. எங்கே போனாலும் எதிரி ஒரே கனம், வளர்ந்த உணர்வே இல்லை என்பது மற்றவரின் குறை. இப்படிப்பட்ட இடங்களில் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணுவது வீண். நீங்கள் எந்தப் பக்கம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

‘கிரைண்ட்’ (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது) என்ற சொல்லையும் அப்படியே விழுங்காதீர்கள். எதற்காக, எத்தனை நிமிடம், தினமுமா வாரத்துக்கு ஒருமுறையா என்று எண்ணாக மாற்றுங்கள். தினசரி வேலைக்கு 20 நிமிடம் என்றால் மாதம் 10 மணி நேரம். ஒரு நாள் தவறினால் திரும்பப் பிடிக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. முடியாது என்றால், அந்த கேம் ஒரு நாளும் உங்களை லீவு எடுக்க விடாது.

ஆயுதத்தை மேம்படுத்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருந்தால் கருத்து இரண்டாகப் பிளப்பது கணக்கிலேயே இருக்கிறது. ஒரு முயற்சிக்கு 10 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நூறு பேரில் பத்துப் பேருக்கு முதல் தடவையே கிடைத்துவிடும். இருபது தடவை முயன்ற பிறகும் சுமார் 12 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்தப் பத்துப் பேருக்கு இது பிரச்சினையாகவே தெரியாது; கோபத்தோடு எழுத உட்காருபவர்கள் இந்தப் பன்னிரண்டு பேர். எனவே ரிவ்யூவில் தேட வேண்டியவை இரண்டு. தோற்றால் என்ன போகிறது, மூலப்பொருள் மட்டுமா, ஏறிய நிலையுமா? பிளாக் டெசர்டில் உயர் நிலைகளில் நிலையே இறங்கலாம். தோல்விகள் சேர்ந்தால் ஒரு கட்டத்தில் வெற்றி உறுதியா? லாஸ்ட் ஆர்க்கில் தோல்விக்குத் தோல்வி ஒரு அளவுகோல் நிறையும். முழுதாக நிறைந்தால் அடுத்த முயற்சி கட்டாயம் பலிக்கும். இந்த உத்தரவாதம் இல்லாத கேமை விட்டு விலகியே இருங்கள் என்பது என் கட்சி.

காசு

‘பே டு வின்’ (காசு கொடுத்தால் ஜெயிக்கலாம்) என்று ஒருவர் எழுதினால் உடை விற்பதைச் சொல்கிறாரா, லெவலைத் தாண்டவைக்கும் டிக்கெட்டையா, பலம் கூட்டும் பொருளையா என்று பிரித்துப் பாருங்கள். மூன்றும் வேறு வேறு. நிஜப் பணத்தை கேம் நாணயமாக மாற்ற அதிகாரப்பூர்வ வழி இருக்கிறதா என்பதும் முக்கியம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் 2015 முதல் டோக்கன் (காசுக்கு வாங்கி, கேம் நாணயத்துக்கு விற்கும் பொருள்) வழியாக அது உண்டு.

பலரும் கோட்டை விடுவது பையின் இடத்தில். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனுக்கு 2015 மார்ச் முதல் சந்தா கட்டாயமில்லை. ஆனால் கைவினைப் பொருட்களை அளவில்லாமல் போட்டுவைக்கும் பை சந்தாதாரருக்கு மட்டும்தான். கிடைத்ததையெல்லாம் பொறுக்கும் கை உங்களுடையது என்றால், ‘சந்தா தேவையில்லை’ என்பவரைவிட ‘பை நிரம்பியே செத்தேன்’ என்பவர்தான் உங்கள் ஆள். கேமின் விலை, தேவையான எக்ஸ்பான்ஷன் (தனியாக விற்கும் கூடுதல் பகுதி), ஆறு மாதச் சந்தா, பை விரிவாக்கம் இவற்றைக் கூட்டி ஒரே தொகையாக எழுதிப் பாருங்கள். ‘இலவசம்’ என்ற சொல் அந்தத் தொகைக்குப் பக்கத்தில் எப்படி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆளும் பிங்கும்

‘செத்துப்போன கேம்’ என்பதைச் சோதிக்க ஸ்டீமின் எண்ணிக்கை மட்டும் போதாது. கேமின் சொந்த லாஞ்சர் (கேமைத் திறக்கும் செயலி) வழியாக நுழைபவர்கள் அதில் வரமாட்டார்கள். கூடுதலாகவும் காட்டலாம்: லாஸ்ட் ஆர்க்கில் 2022 மார்ச்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாட் (ஆளில்லாமல் நிரல் ஆடும்) கணக்குகளை நீக்கினார்கள். எண்ணிக்கையில் அவையும் தலைகளாகவே நின்றிருக்கும். நீங்கள் ஆடப்போகும் நேரத்தில், ஆடப்போகும் சர்வரில் நுழைந்து, டஞ்சனுக்கு (சிறு குழுவாக முடிக்கும் பகுதிக்கு) ஆள் சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று மூன்று நாள் குறித்துப் பாருங்கள். அதுதான் கணக்கு. டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குபவர்), ஹீலர் என்றால் காத்திருப்பு பொதுவாகக் குறைவு. அடிக்கும் ரோலில் குறித்த எண்தான் நிஜ நிலைமையைச் சொல்லும்.

‘சண்டை மந்தம்’, ‘சண்டை வழுக்கிக்கொண்டு போகிறது’ என்று இரண்டும் ஒரே கேமுக்கு வந்தால் பெரும்பாலும் பிங்தான் (உங்கள் கணினியிலிருந்து தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) காரணம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 100 மில்லிநொடி. எந்த இணைய நிறுவனத்தாலும் அதைக் குறைக்க முடியாது. நிஜப் பாதை வளைந்து நெளிந்து போவதால் இன்னும் கூடும். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் முக்கியத் தாக்குதல் 2.5 நொடிக்கு ஒன்று; நடுவே இரண்டு சிறு திறன்களைச் செருகுவார்கள். ஒவ்வொன்றுக்கும் அசைவு சுமார் 0.6 நொடி பூட்டிக்கொள்ளும், அதோடு பிங்கும் சேரும். 30 மில்லிநொடி பிங்கில் மூன்றுக்கும் 1.89 நொடி, தாராளம். 250 மில்லிநொடியில் 2.55 நொடி, அடுத்த தாக்குதல் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளிப்போகும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

உங்கள் பிங்கை அளக்க, கேம் ஓடும்போது விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் டிசிபி இணைப்புகளைப் பாருங்கள். தாமதமும் தொலைந்த பாக்கெட்டின் சதவீதமும் அங்கேயே இருக்கும். ஒருமுறை பார்த்தால் போதாது, நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில் பாருங்கள்.

இருபது மணி நேர ஒத்திகை

இலவசச் சோதனை இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 20-ஆம் லெவல் வரை இலவசம். கில்டு வார்ஸ் 2-இன் அடிப்படை கேம் 2015 முதல் இலவசம். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் 70-ஆம் லெவல் வரை, நாள் கணக்கு இல்லாமல் ஆடலாம். ஆனால் அந்தக் கணக்கால் சந்தையில் வாங்கி விற்க முடியாது, சொந்தமாகக் குழு தொடங்க முடியாது, கில்டிலும் (ஆட்டக்காரர்களின் நிலையான சங்கத்திலும்) சேர முடியாது. இது தெரியாமல் ‘யாருமே பேசுவதில்லை’ என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. ஒருமுறை முழு கேமை வாங்கிச் சேர்த்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி இலவசத்துக்குத் திரும்பாது. இந்த கேமை ஸ்டீமில் வாங்கினால் எக்ஸ்பான்ஷனையும் ஸ்டீமிலேயேதான் வாங்க வேண்டும். அவசரப்பட்டு வேறு கடையில் தள்ளுபடிக்கு வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சோதனை இல்லாத கேமை ஸ்டீமில் வாங்கினால், 14 நாளுக்குள், இரண்டு மணிக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். பல எம்எம்ஓ-க்கள் லாஞ்சரைத் திறந்த பிறகுதான் மீதி 40, 50 ஜிபி-யை இறக்கும். லாஞ்சர் திறந்திருக்கும் நேரமும் ஆடிய நேரமாகவே ஓடிவிடும். இரவில் இறங்கட்டும் என்று போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் எட்டு மணி ஆடியதாகக் காட்டும், பணம் திரும்பாது. லாஞ்சர் வழியாக இறங்கும் கேமா என்று ரிவ்யூவில் முன்பே தேடிவிடுங்கள்.

முதல் ஐந்து மணி, ஒரே கேரக்டர், கதையை மட்டும் பின்தொடருங்கள். ஆட்ஆன் (வெளியார் செய்த கூடுதல் கருவி), லெவல் பூஸ்ட் (லெவலைத் தாண்டவைக்கும் டிக்கெட்) இரண்டும் வேண்டாம். பூஸ்ட் போட்டால் முப்பது பொத்தான்கள் ஒரே நாளில் கையில் விழும், கிளாஸ் பிடிக்கவில்லை என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். அடுத்த ஐந்து மணியில் குறைந்தது மூன்று டஞ்சன், முன்பின் தெரியாத ஆட்களோடு. அதன்பின் கிளாஸை மாற்றி ஐந்து மணி. மீதியை, ரிவ்யூக்களில் அதிகம் திட்டு வாங்கிய அம்சத்துக்கே கொடுங்கள். கிராஃப்டிங் மோசம் என்றார்களா, அதையே செய்யுங்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் ஒரு வரி: எதற்காக உள்ளே போனேன், எப்போது கடிகாரம் பார்த்தேன்.

பிடிக்கவில்லை என்றால், அழிக்கும் முன் சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். கேமை நீக்கினால் சந்தா நிற்காது. ரிவ்யூ எழுதினால் முதல் வரியில் மணி, பேட்ச் எண், சர்வர் பகுதி, பிங், ஆடிய ரோல் ஐந்தையும் போட்டுவிட்டு, அதன்பின் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.