எல்லா ஆபத்துக்கும் ஒரே ஓட்டம் ஓடாதீர்கள்: வடசென்னைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 26 எங்கள் பக்கத்தில் காலண்டரைப் பார்க்காமலே நினைவுக்கு வரும் தேதி. 2023-லும் அன்று காலை காசிமேட்டில் வழக்கம்போல, சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவினார்கள். அன்று நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலுக்குள் போகும் அமோனியா குழாயிலிருந்து வாயு கசிந்தது. பத்தொன்பது வருஷம் கழித்து அதே தேதியில், அதே கடல் பக்கமிருந்து, வேறொரு ஆபத்து.

என் அத்தை வீடு சின்னக்குப்பத்தில். தூக்கத்தில் இருமல் வந்து எழுந்திருக்கிறார். "மூக்குக்குள்ள ஊசி வெச்சுக் குத்தின மாதிரி இருந்துச்சுடா. கண்ணத் தொறக்கவே முடியல" என்று இன்றைக்கும் சொல்வார். அடுத்து அவர் செய்தது, 2004-ல் செய்த அதே காரியம். பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, நேராக மேற்கே ஓடினார். காற்றும் அதே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. ரோட்டுக்கு வரும்வரை நெடி அவர்களை விடவே இல்லை. அது விடாது. வாயுவும் அவர்களும் ஒரே வழியில் போனார்கள்.

சுனாமிக்கு அந்த ஓட்டம் சரி. வாயுவுக்கு அது தவறு. அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அவருக்கு யாருமே சொல்லித் தரவில்லை. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, உரம், ரசாயனம், எண்ணூரை அடுத்த அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையங்கள், தண்டையார்பேட்டையில் எண்ணெய் டேங்குகள், மூன்று துறைமுகங்கள், நடுவில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும். இவ்வளவையும் சுற்றி வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்குப் பயம் குறைவில்லை. எது வந்தாலும் ஒரே மாதிரி ஓடுகிறோம். நம் பக்கத்துப் பெரிய தவறு இதுதான்.

வாயு: காற்றைப் பார்க்காமல் கிளம்புவது

நெடி அடித்ததும் வாசலுக்கு வந்து முதலில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கொடியில் காயும் துணி சொல்லும், படகில் கட்டிய கொடி சொல்லும், தென்னை ஓலை சொல்லும். வாடையா கொண்டலா கச்சானா என்று முகத்தில் பட்டவுடனே சொல்லக்கூடியவர்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கடலுக்குப் போகப் பயன்படுத்தும் அந்த அறிவைத்தான் இங்கேயும் பயன்படுத்த வேண்டும். காற்றோடு ஓடக்கூடாது, காற்றுக்குக் குறுக்கே போக வேண்டும். காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுகிறதா? மேற்கே போகாமல் கரையோரமாக வடக்கிலோ தெற்கிலோ விலகுங்கள், எந்தப் பக்கம் நெடி குறைகிறதோ அந்தப் பக்கம். வாயுப் படலம் பெரும்பாலும் காற்று போகும் பக்கம் நீளமாகவும், பக்கவாட்டில் குறுகலாகவும் இருக்கும். அதனால் குறுக்கே கொஞ்ச தூரம் நடந்தாலே வெளியே வந்துவிட வாய்ப்பு அதிகம்.

வெளியே இறங்கவே முடியாத அளவுக்கு நெடி இருந்தால், வீட்டில் முடக்குவாதத்தில் படுத்திருப்பவர் இருந்தால், ஓடாமல் உள்ளேயே இருப்பதுதான் நல்லது. ஜன்னலைச் சாத்தி, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, கதவுக்கடியில் ஈரத்துணியைத் திணித்து, உள்ளறைக்குப் போய்விடுங்கள். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடுவது கொஞ்சம் உதவும். அது முகக்கவசம் ஆகிவிடாது, ஆனால் அடுத்த தெரு வரை போக உதவும். கண் எரிந்தால் கசக்காமல், நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிஷமாவது விடாமல் கழுவுங்கள். அப்புறம் மருத்துவமனை.

இன்னொன்று, எல்லா வாயுவும் ஒரே குணம் உள்ளதல்ல. அமோனியா காற்றைவிட லேசானது. ஆனால் குளிர்ந்த நிலையில் கசிந்தால் வெள்ளைப் புகை மாதிரி தரையை ஒட்டியே முதலில் வரும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். பள்ளத்தில் தங்கும், அதனால் மாடி ஏறினால் நல்லது. சமையல் எரிவாயுவும் கனமானதுதான். அது கசிந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். அமோனியாவுக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், வீட்டு சிலிண்டருக்குத் திறக்கச் சொல்கிறேன். வாயு வெளியிலிருந்து வருகிறதா, வீட்டுக்குள்ளேயே கசிகிறதா என்பதைப் பொறுத்தது அது. ஒன்றையே எல்லாவற்றுக்கும் செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

டேங்கர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் டேங்கர் லாரிக்குப் பின்னால் மணிக்கணக்கில் நிற்காத ஆள் இங்கே கிடையாது. அடுத்த முறை நிற்கும்போது அதன் பின்பக்கப் பலகையைப் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 எரிவாயு, 1005 அமோனியா, 1017 குளோரின். வண்டி கவிழ்ந்தால் தூரத்தில் நின்றே அந்த எண்ணைப் படித்து 112-லோ 101-லோ சொல்லுங்கள். என்ன கொண்டுவர வேண்டும், எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று தீயணைப்புத் துறையினர் கிளம்பும்போதே முடிவு செய்ய அது உதவும். நம் ஆட்கள் செய்வது, கிட்டே போய் வீடியோ எடுப்பது. அதைவிட மோசம், குடத்தைக் கொண்டுபோய்ப் பெட்ரோல் பிடிப்பது. 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கவிழ்ந்த டேங்கரைச் சுற்றிப் பெட்ரோல் பிடிக்கக் கூடியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிந்தே போனார்கள்.

கூண்டு எண்ணை வைத்து மழையைக் கணக்குப் போடுவது

"மூணாம் நம்பர் கூண்டுதான்பா ஏத்திருக்காங்க, பயப்பட ஒண்ணுமில்ல." இதை நான் கேட்காத புயல் கிடையாது. துறைமுகக் கூண்டு கப்பலுக்கானது, வீட்டுக்கானது அல்ல. 1, 2 என்றால் தூரக் கடலில் புயல் சின்னம். 3, 4 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். இதில் 5, 6, 7 மூன்றுக்கும் வித்தியாசம் புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதுதான். எண் ஏற ஏற மழை கூடும் என்று அர்த்தமே இல்லை. 11 என்றால் வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது என்று பொருள்.

மிக்ஜாம் புயல் கரையைக் கடந்த இடம் ஆந்திராவின் பாபட்லா பக்கம், 2023 டிசம்பர் 5. "புயல் ஆந்திராவுக்குத்தான் போகுது" என்று எங்கள் தெருவில் நிம்மதியாகப் படுத்தவர்கள் வீட்டில், அதற்கு முந்தின நாளே இடுப்பளவு தண்ணீர். புயல் எங்கே கடக்கிறது என்பது ஒன்று, மழை எங்கே கொட்டுகிறது என்பது வேறு. கரையில் இருக்கிற நாம் பார்க்க வேண்டியது நிற எச்சரிக்கையை: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மணலி புதுநகர், சடயங்குப்பம் பக்கம் இருப்பவர்கள் கூடவே பூண்டி, புழல் ஏரிகளில் எவ்வளவு உபரி நீர் திறக்கிறார்கள் என்ற செய்தியையும் பார்க்க வேண்டும். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் அந்தத் தண்ணீர் வரும்.

அந்த வெள்ளத்தில் எண்ணெயும் சேர்ந்து வந்தது. கொசஸ்தலை முகத்துவாரம் முழுக்கக் கறுப்பு. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியால் அள்ளினோம், இந்த முறையும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெறுங்கையால் அள்ளாதீர்கள். கையில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், தோல் போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் போகும்.

வதந்தியை நம்புவது, வராத சுனாமியைக் காட்டி எச்சரிக்கையை நம்பாமல் இருப்பது

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டது. எண்ணெய் டேங்குகள் எரிந்தன. குண்டுவீச்சு அரை மணி நேரத்துக்குள் முடிந்துபோனது. ஆனால் அது திரும்ப வரப்போகிறது என்ற பேச்சு பல நாள் ஓடி, ஆயிரக்கணக்கான பேர் ஊரைவிட்டே கிளம்பினார்கள். "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பயம் மொழியிலேயே தங்கிவிட்டது.

2004 டிசம்பர் 30-ம் தேதியும் அப்படித்தான். மறுபடி சுனாமி என்று ஒரு செய்தி பரவி, நிவாரணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடினார்கள். எதுவும் வரவில்லை. 2012 ஏப்ரல் 11-ல் 8.6 அளவு நிலநடுக்கம், எச்சரிக்கை வந்தது, பெரிய அலை வரவில்லை. அன்று எச்சரித்தது தவறே இல்லை. கடலடித் தட்டுகள் செங்குத்தாக எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் தப்பித்தோம், அது அளந்து பார்த்த பிறகுதான் தெரியும். "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். 2004-ல் நிலம் நடுங்கியதற்கும் நம் கரையை அலை தொட்டதற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அன்று சொல்ல ஏற்பாடு இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கேட்க நாம் தயாராக இருக்க வேண்டும். முதல் அலை வடிந்ததும் வலையையும் படகையும் பார்க்கத் திரும்பிப் போகாதீர்கள்.

2023 அக்டோபரில் ஒரு நாள் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அது அரசின் எச்சரிக்கைச் சோதனை. அந்தச் சத்தம் பிடிக்காமல் செட்டிங்ஸில் அணைத்து வைத்தவர்கள் இன்றே அதைத் திரும்பப் போடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவைவிட அது நம்பகமானது.

ஆளைப் பார்த்துச் சந்தேகப்படுவது

2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்திக் கடல் வழியாக வந்தார்கள். அதனால்தான் இன்று மீனவர்களுக்கு அடையாள அட்டை, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093 என்ற எண், மாறுவேடத்தில் போலீசாரே ஊடுருவிப் பார்க்கும் ஒத்திகை எல்லாம். தெரியாத படகு, பதிவெண் இல்லாத படகு, வலையே இல்லாமல் மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லும் படகு என்றால் 1093-ல் சொல்லுங்கள். நடத்தைதான் அடையாளம். முகமும் மொழியும் அடையாளமே அல்ல. மணலியிலும் திருவொற்றியூரிலும் கம்பெனிகளில் உழைக்கும் பீகார், ஒடிசா தம்பிகளைச் சந்தேகமாகப் பார்ப்பது அநியாயம். 2023 மார்ச்சில் அவர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது எவ்வளவு பேர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள் என்று பார்த்தோம். நிஜமான ஆபத்தில் தமிழ் அறிவிப்பு புரியாமல் மாட்டிக்கொள்வதும் அவர்கள்தான். தெருவில் ஒலிபெருக்கியில் சொல்லும்போது இரண்டு வரி ஹிந்தியிலும் சொல்லுங்கள்.

கேட்பாரற்ற பையைப் பார்த்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தள்ளிப் போய் 112-க்குச் சொல்லுங்கள். இதில் வேறு சொல்ல ஒன்றுமில்லை.

சைரன் என்றால் என்னவென்று கேட்காமல் இருப்பது

2025 மே 7 அன்று நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தபோது, இங்கே சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடத்தினார்கள். பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையனிடம், சைரன் ஏறி இறங்கி ஒலித்தால் என்ன, ஒரே சீராக ஒலித்தால் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. ஏறி இறங்கினால் ஆபத்து, ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கியது. இது போர்க்கால சைரனுக்கு. தொழிற்சாலை சைரன் ஒவ்வொரு இடத்திலும் வேறு மாதிரி இருக்கலாம், ஷிப்டுக்கும் அதே சங்கைத்தான் ஊதுகிறார்களா என்றும் கேட்டுவைக்க வேண்டும்.

கேட்பது நம் உரிமை. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1989-ல் அபாயகர ரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. ஆலைக்கு வெளியே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு, என்ன ஆபத்து, நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். உங்கள் தெருவுக்கு அப்படி ஒரு துண்டுச்சீட்டு வந்ததா? எங்கள் தெருவுக்கு நான் அறிய வந்ததில்லை. பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுன்சிலரிடம் ரோடும் சாக்கடையும் கேட்கிற நாம் இதை மட்டும் ஏன் கேட்பதில்லை?

அந்த இரவுக்குப் பிறகு அத்தை வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்குகிறது. ரேஷன் கார்டு, ஆதார் நகல்கள், மாமாவின் சர்க்கரை மாத்திரை ஒரு வாரத்துக்கு, டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர், நான்கு துண்டுகள். மழைக்காலம் என்றால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்கிறார். பைக்கு மேலே சுவரில், தெருவில் தனியாக நடக்க முடியாத ஏழு பேரின் பெயர். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் அவரை யார் தூக்க வேண்டும் என்று இரண்டு பேரின் பெயர். ஒருவர் கடலுக்குப் போயிருந்தால் இன்னொருவர். ஐந்தாவது வரியில் இருக்கும் ஆயாவுக்கு நேராக என் பெயரும் இருக்கிறது. போன மாதம் அவரை நாற்காலியோடு தூக்கிக் காற்றுக்குக் குறுக்கே தெருமுனை வரை போய்ப் பார்த்தோம். நான்கு நிமிஷம் ஆனது. நடுவில் ஒரு கன்டெய்னர் லாரி வழியை மறித்து நின்றது. இப்போது பின்பக்கச் சந்து வழியாகப் போவது என்று மாற்றி எழுதியிருக்கிறோம்.