முன்தோல் வீங்கிச் சீழ் வைத்தால் என்ன செய்வது?

ஆண்குறியின் முன்தோலுக்கு அடியில் சிவந்து எரிய ஆரம்பித்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, மெடிக்கல் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் மெதுவான குரலில் 'அரிப்புக்கு ஒரு ட்யூப்' கேட்பது. தயவுசெய்து வேண்டாம். கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த க்ரீம். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிவிடும், ஆனால் கிருமி போகாமல் மறுபடி கிளம்பலாம், ஏற்கெனவே மெல்லிய அந்தத் தோலும் குளோபீட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு பட்டுப்பட்டு இன்னும் மெலிந்துபோகும்.

சிவப்புப் புள்ளிகளும் அரிப்பும் வெள்ளைப் படிவும் இருந்தால் கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். மொட்டும் (ஆண்குறியின் நுனி) முன்தோலும் வீங்கி, நாற்றத்தோடு நீரோ சீழோ கசிந்தால் பாக்டீரியா என்ற சந்தேகம் வலுக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், இல்லாவிட்டால் காற்றுப் புகாத இடத்தில் வளரும் வகைகள். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் டாக்டர் பஞ்சுக் குச்சியில் கசிவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். பூஞ்சைக்குக் குளோட்ரிமசோல், காற்றில்லா பாக்டீரியாவுக்கு மெட்ரோனிடசோல் என்று மருந்தே வேறு, ஊகத்தில் போட்டால் வீண்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தினமும் ஒருமுறை, முன்தோலை வலிக்காத அளவுக்குப் பின்னால் இழுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, மறக்காமல் முன்னால் கொண்டுவந்து விடுங்கள். பின்னாலேயே விட்டால் வீங்கி மாட்டிக்கொள்ளும், அப்படி ஆனால் காலை வரை காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும். சோப்பும் டெட்டாலும் அங்கே போடாதீர்கள், அதிகம் தேய்ப்பதும் புண்ணாக்கும். ஆறும் வரை உடலுறவு வேண்டாம்.

திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பாருங்கள், சிலருக்கு நீரிழிவு இருப்பதே இப்படித்தான் தெரியவரும். சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் இந்தத் தொற்று, குறிப்பாகப் பூஞ்சை, எளிதாக வரும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல், சிறுநீர் போக முடியாமை, இதுவரை திறந்த முன்தோல் திடீரென்று திறக்காமல் போவது, இதில் எது வந்தாலும் அன்றே போங்கள். புண் இருந்தால் பால்வினை நோய்ச் சோதனையும் தேவை, துணைக்கும் சேர்த்து. அரசு மருத்துவமனையில் இதைத் தோல், பால்வினை நோய்ப் பிரிவில் பார்ப்பார்கள், அவர்கள் தினமும் பார்க்கிற விஷயம்தான், கூச்சம் வேண்டாம். ஆறாத புண்ணோ கட்டியோ என்றால் புற்றுநோய் இல்லை என்று சதைச் சோதனையில் உறுதி செய்யும் வரை விடாதீர்கள்.