போன் எதில் பொய் சொல்கிறது? சாக்ஸபோன் பழகுபவர்கள் தங்கள் ரெக்கார்டிங்கைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆல்டோ சாக்ஸபோன் வாங்கி நான்காவது மாதம், நான் ஊதியதை முதன்முறையாக போனில் பதிந்து கேட்டேன். ஆகக் கீழே உள்ள பி ஃப்ளாட் ஸ்வரத்தைத் தொடும்போதெல்லாம் கூடவே ‘ஜ்ர்ர்’ என்று ஓர் அதிர்வு. ஏதோ ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் செய்பவரிடம் போனேன். அவர் ஒவ்வொரு கீயாக அழுத்திப் பார்த்தார், தானே ஊதியும் பார்த்தார். “இதுல ஒண்ணும் இல்ல சார், வீட்லதான் எதுவோ ஆடுது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தேடினால் ஸ்டீல் பீரோவின் கதவு! போனை அதன் மேல்தான் வைத்திருந்தேன்.

அதே ரெக்கார்டிங்கில் இன்னொன்றும் இருந்தது. பாதிப் பாட்டுக்கு மேல் வாசிப்பு வேகமெடுத்து ஓட்டம் பிடித்திருந்தது. அது என் காதில் ஏறவே இல்லை, பீரோதான் ஏறியது. புதிதாக ஊதுகிற பலரும் இப்படித்தான் ரெக்கார்டிங்கைத் தலைகீழாக நம்புகிறோம். நாதம் எப்படி இருக்கிறது என்பதில் போன் பாதிக்குப் பாதி பொய் சொல்லும். அதைக் கேட்டு நொந்துபோவோம். தாளத்திலும் சுருதியிலும் அது பொய்யே சொல்லாது. அதைக் காதில் வாங்கமாட்டோம்.

நாதத்தை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிப் பேர் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது இதனால்தான். வாயில் வைத்து ஊதுகிற மவுத்பீஸின் மேல் நம் மேல்வரிசைப் பல் அழுந்தியிருக்கிறது. அதில் கட்டியிருக்கும் மெல்லிய பட்டையான ரீடின் அதிர்வு பல் வழியாக மண்டையோட்டுக்குள் ஏறி, உள்ளிருந்தே காதுக்குப் போய்ச் சேர்கிறது. ஊதும்போது நமக்குக் கேட்கிற அந்தக் கனமான, நிறைந்த ஒலியில் ஒரு பங்கு வேறு யாருக்கும் கேட்காதது. சந்தேகமிருந்தால் மவுத்பீஸில் ஒட்டுகிற ரப்பர் பேட்சில் தடிமனானதை ஒட்டி ஊதிப் பாருங்கள். உங்கள் தலைக்குள் சத்தம் மங்கும், போனில் பதிவதில் பெரிதாக எதுவும் மாறாது. போதாததற்கு, பெல், அதாவது வாத்தியத்தின் விரிந்த வாய், நம்மைப் பார்த்தில்லை, வெளியே பார்த்திருக்கிறது. கூர்மையான மேல் ஒலிகள் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. ஆக, ரெக்கார்டிங்கில் சத்தம் கொஞ்சம் கீச்சென்றும் மெலிந்தும் இருந்தால், உடனே ரீடை மாற்றாதீர்கள், புது மவுத்பீஸ் விலை விசாரிக்காதீர்கள். நான் இரண்டையும் செய்தேன்.

போனை வைக்கிற இடம் அடுத்த தவறு. பெல்லுக்கு நேரே, அரை அடி தூரத்தில் வைப்பார்கள். சாக்ஸபோனின் ஒலி பெல் வழியாக மட்டும் வருவதில்லை. பெரும்பாலான ஸ்வரங்கள் திறந்திருக்கிற துளைகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. கீழ்க்கோடியில் உள்ள ஓரிரு ஸ்வரங்களில்தான் எல்லாத் துளையும் மூடி, காற்று பெல் வரைக்கும் போகிறது. பெல்லை ஒட்டி போனை வைத்தால் அவை இடி மாதிரி விழும், மற்றவை பக்கத்து வீட்டில் ஊதுவது போல் கேட்கும். நாமோ “என் ஒலி ஏற்ற இறக்கமாக இருக்கிறது” என்று முடிவு கட்டுவோம். ஐந்தாறு அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில், மெத்தென்று ஏதாவது போட்டு அதன் மேல் வையுங்கள். பீரோ வேண்டாம்.

போனின் ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சின்னச் சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். நீங்கள் மெல்ல ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போன ஒரு நீண்ட ஸ்வரம், ரெக்கார்டிங்கில் தரை போல் தட்டையாக இருக்கும். ‘இன்னும் அழுத்தி ஊதவேண்டும் போல’ என்று நினைத்தால் உதடு இறுகிப்போகும், அவ்வளவுதான் லாபம். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை போனை வைத்து எடைபோடவே கூடாது. வீடியோ கால் வகுப்பில் இன்னும் மோசம். ஒரே ஸ்வரத்தைப் பத்து வினாடி பிடித்தால் மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து ஆப் அதை விழுங்கிவிடும். ஜூமில் இசைக்காரர்களுக்கென்று ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல், ரெக்கார்ட் செய்த ஃபைலை டாக்குமெண்டாக வாத்தியாருக்கு அனுப்புங்கள்.

கேட்பதும் போன் ஸ்பீக்கரில் வேண்டாம். ஆல்டோவின் ஆகக் கீழ் ஸ்வரம் ஏறக்குறைய 139 ஹெர்ட்ஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டாத ஆழம். திருவிழாவில் வாங்கின பீப்பி மாதிரி கேட்பதற்குப் பாதிக் காரணம் ஸ்பீக்கர்தான். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம் அந்த ஒப்பீடு. நம்மில் பலருக்கு சாக்ஸபோன் என்றாலே கத்ரி கோபால்நாத்தான். அவருடைய ரெக்கார்டிங்கையும் நம் படுக்கையறை ரெக்கார்டிங்கையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கிற கொடுமையை யாரும் செய்யாதீர்கள். ஸ்டுடியோ, மைக், எதிரொலி எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். அவர் நாகஸ்வரத்தில் பழகி, பிறகு இந்த வெளிநாட்டு வாத்தியத்தைக் கர்நாடக கமகத்துக்கு, ஸ்வரங்களை அசைக்கும் அந்த நெளிவுக்கு, பணியவைக்கப் பல வருடம் எடுத்துக்கொண்டவர். நாம் ஒப்பிடவேண்டியது நம்முடைய போன மாதத்து ரெக்கார்டிங்கோடு.

இனி, போன் பொய் சொல்லாத இடங்கள்.

தாளம் அதில் முதல். சீரான வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோமைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு பதிவது பலருடைய வழக்கம். அப்படிப் பதிந்தால் நீங்கள் அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டே போவீர்கள், சொந்தக் காலப்பிரமாணம் நிற்கிறதா என்பது தெரியாது. மெட்ரோனோம் இல்லாமல் ஒருமுறை பதியுங்கள். பிறகு, தட்டினால் வேகத்தைச் சொல்லும் மெட்ரோனோம் ஆப்பில், ரெக்கார்டிங்கின் முதல் வரிக்குத் தட்டுங்கள். கடைசி வரிக்கும் தட்டுங்கள். என் பீரோ ரெக்கார்டிங் நிமிடத்துக்கு 72 தட்டில் ஆரம்பித்து 84இல் முடிந்திருந்தது. நடுவில் கடினமான ஓரிடத்தில் மட்டும் வண்டி மேடேறுவது போல் தயங்கி, பிறகு சரிவில் விட்ட மாதிரி ஓடியிருந்தது.

சுருதிக்கு வேறு உபாயம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும்: ஆல்டோவில் சி பிடித்து ஊதினால், சுருதி காட்டும் ட்யூனர் இ ஃப்ளாட் என்று காட்டும். ஆல்டோவைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோனில் அதே சி, பி ஃப்ளாட். வாத்தியமும் கெடவில்லை, நீங்களும் தப்பாக ஊதவில்லை, இந்த வாத்தியங்களின் அமைப்பே அது. ஆல்டோவின் சியை ஸட்ஜமாக வைத்தால் தம்புரா ஆப்பில் இரண்டரைக் கட்டை, டெனருக்கு ஆறரை. தம்புராவை இயர்போனில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள், ரெக்கார்டிங்கில் அது பதியாது, பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்? இன்னொரு போனில் அறைக்குள்ளேயே ஓடவிடுங்கள். ஐந்து நிமிடம் ஊதி வாத்தியம் சூடேறிய பிறகு பதியுங்கள். குளிர்ந்த சாக்ஸபோனில் சுருதி இறங்கியிருக்கும், ஏசி அறையில் கேட்கவே வேண்டாம். எந்த விரலும் வைக்காத நடு சி ஷார்ப் பெரும்பாலும் இறங்கி நிற்கும், அடுத்த டி ஏறி நிற்கும். அந்த இரண்டுக்கும் இடைவெளி அதிகமாகக் கேட்டால் காது சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள். அதை உதட்டாலும் தொண்டையாலும் சரிசெய்வது வாத்தியாரிடம் கற்கவேண்டியது.

பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது எனக்குக் கிடைத்த நல்ல பழக்கம். நடு சியில் ஒரே விரல்தான் அழுந்தியிருக்கும். அடுத்த டிக்கு ஆறு விரலும், அதோடு ஸ்தாயியை ஏற்றுகிற ஆக்டேவ் கீயும். ஏற்கெனவே அழுந்திய ஒன்று போக மீதி ஆறும் ஒன்றாக இறங்காவிட்டால் நடுவே அழைக்காத விருந்தாளியாக ஒரு குட்டி ஸ்வரம் எட்டிப் பார்க்கும். முழு வேகத்தில் அது ‘என்னவோ சுத்தமாக இல்லை’ என்ற எண்ணமாக மட்டும் நிற்கும். ஸ்வரத்துக்கு முன்னால் வருகிற ‘ஃபூ’ என்ற காற்றும் அப்படித்தான் பிடிபடும்.

இருபது தடவை பதிந்து, நன்றாக வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்காதீர்கள். எட்டாவது தடவைக்கே உதடு களைத்துவிடும், பிறகு பதிவதெல்லாம் களைப்பைத்தான். முதல் தடவை வந்ததுதான் நாம் உண்மையில் வாசிப்பது. ஊதிமுடித்த கையோடும் கேட்காதீர்கள். விரல் சூட்டில், வாசிக்க நினைத்ததுதான் காதில் ஓடும். மறுநாள் காலை காபியோடு கேட்டால் வேறு ஆள் வாசித்த மாதிரி இருக்கும். கேட்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இன்றைக்குத் தாளம், நாளைக்கு ஸ்வரத்தின் ஆரம்பம்.

ஒருமுறை ஆர்வக்கோளாறில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கைதட்டல், ‘சூப்பர்’, ஒரு ரோஜாப் பூ. எதுவும் எனக்குப் பயன்படவில்லை. மிருதங்கம் கற்கிற அண்ணன் மகன் மட்டும் ராத்திரி தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தான்: “சித்தப்பா, நீங்க மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் அரை அட்சரம் கூடுது. தட்டிப் பாருங்க.”

தட்டிப் பார்த்தேன். கூடியிருந்தது, ஐந்து இடத்தில்.