போர் தண்ணீர்க் கறையும் கறுப்பு காரும்

எங்கள் சென்னை அடுக்ககத்தில் கார் கழுவ போர் தண்ணீர்தான், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வெயிலில் காய்ந்ததும் பானெட் முழுக்க வெள்ளை வட்டங்கள். ஷாம்பு போட்டால் போகாது. அது அழுக்கில்லை, உப்பு. வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் போர்த்திவைத்தேன். உடனே கழுவியதில் பெரும்பாலான கறை போய்விட்டது.

மிச்சத்துக்குத்தான் பாலிஷ். பாலிஷும் வாக்ஸும் ஒன்றல்ல. பாலிஷில் நுண்ணிய உராய்வுத் துகள்கள் உண்டு. அவை பெயின்ட்டுக்கு மேலே உள்ள கிளியர்கோட் என்ற நிறமற்ற பூச்சைத் துளியூண்டு தேய்த்துச் சமமாக்கும். பாதுகாப்பு தருவது வாக்ஸோ, சீலன்ட் என்ற செயற்கைப் பூச்சோதான். கிளியர்கோட் போனால் திரும்பி வராது என்பதால், இன்னும் கரடுமுரடாகத் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்ட் பக்கமே போகாமல், இருப்பதிலேயே மென்மையான பாலிஷை வாங்கினேன். நிழலில், தகட்டின் சூடு ஆறிய பிறகு, ஃபோம் பேடில் கொஞ்சமாக எடுத்து, இரண்டு சாண் இடமாகத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன்.

அப்புறம் சீலன்ட். கார்னோபா என்ற பனை வகை இலையிலிருந்து எடுக்கும் வாக்ஸ் அழகுதான், ஆனால் நம் வெயிலுக்குச் சீக்கிரம் போய்விடும். நல்ல சீலன்ட் சில மாதம் தாங்கும்.

இப்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. ஆனாலும் கழுவிய கையோடு துடைத்துவிடுகிறேன், அந்த முத்துகள் காய்ந்தால் மறுபடி உப்புதான்.