பாதக் காய்ப்பை நீக்கும் முறை: அவசரப்பட்டு நொண்டியவன் எழுதுவது

வேலை நிமித்தமாகச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிபெயர்ந்த முதல் பனிக்காலத்திலேயே, காப்பித் தோட்டச் சரிவுகளில் தேய்ந்த ஹவாய் செருப்போடு ஏறி இறங்கியதன் பலனாக, என் குதிகால்கள் இரண்டும் காய்த்து, பொங்கலுக்குள் விளிம்புகளில் பித்தவெடிப்பும் கண்டுவிட்டது. ஓயாத அழுத்தத்துக்கும் உரசலுக்கும் ஈடுகொடுப்பதற்காகத் தோலின் மேலடுக்கு தடித்துக்கொள்வதே காய்ப்பு. ஆகவே செருப்பை மாற்றாமல் தோலை மட்டும் தேய்த்தால் அது திரும்ப வந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் கீழே உள்ளவற்றைத் தாமாகச் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

முதலில், இரவு உறங்கும் முன் வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் வரை பாதங்களை ஊறவைக்க வேண்டும். எலுமிச்சை, ஷாம்பு முதலியவற்றைக் கலப்பதை நான் வீண் என்றே கருதுகிறேன். வெடிப்பில் எலுமிச்சை பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அடுத்தது தேய்த்தல். நான் இடறியது இங்கேதான். இரும்புத் துருவியைப் போன்ற ஒரு கருவியால் ஒரே இரவில் முழுக் காய்ப்பையும் சீவிவிட முயன்று, தோல் இளஞ்சிவப்பாகும் வரை தேய்த்ததால், மறுநாள் குதிகாலை ஊன்ற முடியாமல் விரல்நுனியில் நடக்க நேர்ந்தது. ஊறிய தோல் மாவுபோல் உதிர்வதால் எவ்வளவு எடுத்தோம் என்பது அப்போது தெரிவதில்லை. பிளேடு கூடவே கூடாது. நனைத்த பியூமிஸ் கல்லால், ஒரு குதிகாலுக்கு இரண்டு நிமிடம் மிகாமல், வாரம் இரண்டு மூன்று முறை மென்மையாகத் தேய்த்தால் போதும். சற்றே எரிந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்; காய்ப்பு மிச்சமிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பிறகு நீரை ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காயும் முன்பே யூரியா கிரீம் பூசவேண்டும். யூரியா தோலில் நீரைப் பிடித்துவைப்பதோடு, மேல்தோலில் தடித்த கெரட்டின் என்னும் புரதத்தையும் இளக்குகிறது. தடித்த குதிகாலுக்கு 20 அல்லது 25 சதவீதமும், பிற்பாடு பராமரிப்புக்கு 10 சதவீதமும் எனக்குப் பொருந்தின. வெடிப்பு ஆழமாக இருந்தால் கிரீம் எரியும் என்பதால், அது ஆறும்வரை வாஸ்லினைப் பூசிப் பருத்திக் காலுறை அணியலாம். விரலிடுக்குகளில் மட்டும் எதையும் பூசாமல் உலர்வாக வைத்திருங்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

செருப்பைப் பொறுத்தவரை, பின்புறம் திறந்திருந்தால் ஒவ்வோர் அடியிலும் குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்கித் தோலை இழுக்கும். குதிகாலைச் சுற்றி அணைக்கும், மெத்தென்ற அடிப்பகுதி உள்ள காலணிக்கு மாறிய பின்னரே எனக்கு வெடிப்பு நின்றது.

பிற்சேர்க்கை: செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் வாசகர், தமக்குக் குதிகாலில் இல்லை, கணுக்காலின் வெளிப்புறத்தில் காய்த்திருக்கிறது என்று எழுதியிருந்தார். நாள் முழுதும் தரையில் சம்மணமிட்டு அமர்வதால் எலும்பு அழுந்தும் இடம் அதுவே. தடித்த மெத்தையும், அவ்வப்போது காலை மாற்றி அமர்வதும்தான் வழி. உள்ளங்காலில் கால் ஆணி என்று எண்ணி வேறொருவர் ஆணிக்கான மருந்துப் பட்டை ஒட்டிய இடத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தனவாம். அது மருவாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டட்டும். ஆணிதான் என்று உறுதியானால், அந்தச் சாலிசிலிக் அமில மருந்துப் பட்டையை ஆணியின் அளவுக்கே வெட்டி ஒட்டுங்கள். சுற்றியுள்ள நல்ல தோலில் பட்டால் அதுவும் வெந்து உரிந்துவிடும்.