ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாமல்லபுரம்

சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் குறைந்த செலவில் ஒரு நாளைக் கழிப்பதற்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாமல்லபுரம் ஏற்ற இடமாகும். பாறைகளில் வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலுடன் நிற்கவும் முடியாது என்பதால், விடியற்காலைப் பேருந்தைப் பிடிப்பது நல்லது.

முதலில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கப்படும் புடைப்புச் சிற்பத்தைப் பாருங்கள். அது கிழக்கு நோக்கியிருப்பதால் காலை ஒளி நேராக விழுந்து, யானைகளின் கீழே, எலிகள் சூழப் பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பொய்த்தவப் பூனைகூடத் தெளிவாகத் தெரியும். பலர் இதைக் கவனிக்காமல், வெண்ணெய்ப் பந்துப் பாறையைத் தாங்குவதுபோலப் படமெடுக்க ஓடிவிடுகின்றனர்.

பின்னர் ஐந்து ரதங்களையும், பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலையும் காணலாம். இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு போதுமாதலால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உச்சி வெயிலில் நிழலில் உண்டு இளைப்பாறி, மாலையில் சுமார் 5 கிலோமீட்டர் வடக்கேயுள்ள சாளுவன்குப்பம் புலிக்குகைக்குச் செல்லலாம். அதனருகே, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அகழ்ந்து வெளிக்கொணரப்பட்ட செங்கல் முருகன் கோயிலையும் தவறவிடாதீர்கள்.

கடலில் கணுக்கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; இக்கரையின் நீரோட்டம் நன்கு நீந்தத் தெரிந்தவரையும் உள்ளே இழுத்துவிடும். திரும்பும்போது மாலைப் பேருந்துகளில் நெரிசல் மிகுதியாக இருக்குமாதலால், இருட்டுவதற்கு முன்பே புறப்படுங்கள்.